நான்கு ஆண்டுகளில் ஒரு பட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற, மெட்ரிகுலேஷனுக்குப் பின் நான்கு ஆண்டுகள் பயில வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் எஃப்.ஏ. தேர்வுக்குரியவை, அடுத்த இரண்டு பி.ஏ. பட்டத்துக்குரியவை. எஃப்.ஏ.வில் தேறாதவருக்குப் பி.ஏ. வகுப்பில் இடமில்லை.

கணிதமேதை இராமானுஜனின் கல்லூரிக் கல்வி அத்தேர்வோடு நின்றுபோனது. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், நோய் குறுக்கிட்டது. 1907இல் எழுதிய தேர்விலும் தேறவில்லை. மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்கியது 1913இல்தான். பட்டமோ 1916இல் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. மேதை என்பதால் காலந்தாழ்ந்தேனும் உதவி அவரைத் தேடி வந்தது. அதே தேர்வில் தவறி ஊர் திரும்பிய பிறரின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

இராமானுஜன் பச்சையப்பனில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, 1905இல், மயிலாப்பூரில் ஏழு மாணவர்களுடன் இராமகிருஷ்ணா மாணவர் இல்லம் தோன்றியது. சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் ஊக்கத்தால் சி. இராமசாமி ஐயங்கார் அதனை முன்னின்று நடத்தினார். ஏழை மாணவருக்கு உறைவிடமும் உணவும் தருவதே அதன் பணி. நாளுக்கொரு வீட்டில் வாரச்சாப்பாடு உண்டு படித்த பிள்ளைகள் பலர் இருந்த காலம் அது. வேளைதோறும் இலையில் சோறு விழும் என்பது உறுதியானால், அலைச்சலில் கழியும் பொழுது பாடத்துக்கு மிஞ்சும். எளிய கணக்குத்தான், ஆயினும் கல்லூரிகள் அதனைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்று நான்காண்டுப் படிப்பு என்றதும் நினைவுக்கு வருவது பொறியியல். அடையாற்றை அடுத்த கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அது எட்டுப் பருவங்களாக நடைபெறுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு உண்டு. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கட்டணத் தடை நீங்கினாலும் மொழித் தடை எஞ்சுகிறது. தமிழ்வழியில் பயின்று வந்தவரை முதற்பருவத்தில் திகைக்க வைப்பது பெரும்பாலும் கணக்கன்று, அது கேட்கப்படும் ஆங்கிலம். தவறிய தாள் ‘அரியர்’ ஆகி அடுத்த பருவத் தாள்களோடு சேர்கிறது. இரண்டாம் பருவக் கணிதம் முதற்பருவக் கணிதத்தின்மேல் எழுவது. எனவே ஓர் அரியர் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. இறுதியாண்டில் தரப்படும் அறிவுரை அந்நிலையில் பயன்படாது. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வரும் நாளே உதவிக்கு உரிய நாள். அன்றிரவு விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் அந்தத் தாளை விரித்து, விடுபட்ட தொகையிடல் கணக்கைத் தமிழில் விளக்க அரைமணி நேரம் போதும்.