நீரும் சாணையும்

காவிரியும் அதன் கிளைகளாகிய வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு முதலியனவும் பரந்து பாயும் தஞ்சை நாட்டிலே மண்ணுக்குக் குறைவில்லை, கல்லுக்கே குறை. ஆறுகள் பன்னெடுங்காலமாகக் கொணர்ந்து படிவித்த வண்டலே அந்நாட்டின் நிலம். 1010-ஆம் ஆண்டில் இராசராசன் எடுத்து முடித்த பெரிய கோயிலின் கற்களும் வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப் பெற்றவையே. ஆகவே, உழவன் தன் அரிவாளைத் தீட்டிக்கொள்ள ஒரு கல் வேண்டின், அதுவும் அயலூரிலிருந்து வருதல் வேண்டும். வாய்க்கால் படித்துறையில் பதித்த கருங்கல்லே பல ஊர்களில் தீட்டுகல்லாகவும் பயன்பட்டது. கல்லின்மேல் ஒரு கை நீரைத் தெளித்து, அரிவாளின் அலகை அதன்மேல் படிய வைத்துத் தேய்ப்பர். அந்த ஒரு கை நீரின் பயனை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

குறுவை, சம்பா, தாளடி என்னும் போகங்களின் அறுவடைக் காலங்களில் மழுங்கிய அரிவாள் பெருங்கேடு விளைப்பது. கூரிய அரிவாள் ஒரே இழுப்பில் தாளை அரியும். மழுங்கியதோ தாளைப் பிடித்து இழுக்கும்; இழுக்குந்தோறும் கதிர் குலுங்கும்; முற்றிய மணிகள் சேற்றில் உதிரும். நாள் முழுதும் குனிந்து அறுப்பவரின் மணிக்கட்டு வீங்கும். அறுத்த அளவுக்கு நெல்லாகவே கூலி பெற்ற காலத்தில், அரிவாளின் மழுக்கம் மாலையில் பெறும் கூலியிலும் குறைந்து தோன்றும். இன்று பெரும்பகுதி அறுவடையை இயந்திரங்களே செய்கின்றன. எனினும் அவற்றின் அடியில் வரிசையாக அமைந்த முக்கோணக் கத்திகளும் மழுங்குவனவே.

அரிவாளில் இருவகை உண்டு. பனைமட்டையின் ஓரத்தில் உள்ள கருக்கைப் போன்ற நுண்ணிய பற்களை உடையது கருக்கரிவாள். அதன் பற்கள் தேய்ந்தால் கொல்லனிடம் கொடுத்து மீண்டும் கருக்கு வெட்டுதல் வேண்டும். சாணை அதற்கு உதவாது. பற்களின்றி வழுவழுப்பான வாயை உடைய அரிவாள், வெட்டுக்கத்தி, வீட்டு அரிவாள்மனை ஆகியவற்றிற்கே சாணை உரியது.

சாணைக்குரிய கற்களுள் தலைசிறந்தது குருந்தம். வயிரத்திற்கு அடுத்தபடியான கடினம் உடையது அது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில் வயிரம் 10, குருந்தம் 9. கொங்கு நாட்டில் சித்தம்பூண்டியைச் சூழ்ந்த பகுதியில் இது கிடைக்கிறது. இதனைப் பொடித்து, உருக்கிய அரக்கோடு கலந்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டுக் கைவினைஞரின் பழைய முறை. 1798-இல் சார்லசு கிரெவில் என்னும் ஆங்கிலேயர் இக்கல்லைப் பற்றி இலண்டன் இராயல் கழகத்தின் ஏட்டில் எழுதினார். ஐரோப்பியர் இதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் குருந்தத்தின் திரிபே. கல் மட்டுமன்றிக் கல்லின் பெயரும் கடல் கடந்தது! 1891-இல் அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் என்பார் மின்னுலையில் செயற்கையாக ஒரு கடும்பொருளை ஆக்கினார். அவர் அதற்கு இட்ட ‘கார்போரண்டம்’ என்னும் பெயரிலும் நம் சொல்லின் எச்சம் ஒட்டிக்கொண்டுள்ளது. 1954-இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தோன்றிய பின்னர்ச் சாணைச் சக்கரங்கள் நம் மாநிலத்திலேயே பெருகச் செய்யப்பட்டன.

தோளில் சட்டத்தைச் சுமந்து, “சாணை பிடிக்கிறது!” என்று கூவியவாறு தெருவில் வருபவரைக் கண்டதும் சிறுவர் ஓடிவந்து கூடுவர். காலால் மிதிக்கச் சக்கரம் சுழலும். கத்தியை அதன்மேல் வைத்தவுடன் தீப்பொறிகள் பூவாணம்போல் சொரியும். அக்காட்சி சிறுவர்க்கு விருந்து. கத்திக்கோ அது நோய். பொறி பறக்கும் அளவுக்கு உராய்வின் வெப்பம் மிகுந்துள்ளது என்பதே அதன் பொருள்.

இரும்பின் கடினம் அதன் இயல்பில் மட்டும் இல்லை. கொல்லன் அதற்கு இடும் தோய்ச்சலிலும் உள்ளது. எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகவும் கடினமாகும். ஆயினும் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறும். அதனை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்துவர். அப்போது மெருகிட்ட எஃகின் மேல் நிறங்கள் தோன்றும். ஏறத்தாழ 220 பாகை வெப்பத்தில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-ஐ அணுகும்போது நீலம். கத்திக்கு உரிய பதம் மஞ்சளை ஒட்டியது. நீலம் பாய்ந்த எஃகு, வில்லுக்கு ஏற்றதே அன்றி வாய்க்கு ஏற்றதன்று, கூர் நில்லாது.

கத்தியின் வாய் தாளினும் மெல்லியது. அங்கு எழும் வெப்பம் விரைந்து பரவிச் செல்ல இடமில்லை. மின்விசையால் இயங்கும் உலர்சாணையின் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2850 முறை சுழலும். அதில் இமைப்பொழுது அழுந்த வைத்தாலும் வாயில் நீலக்கோடு படியும். சிலர் உடனே அதனை நீரில் தோய்த்துவிட்டு மனநிறைவு அடைவர். இது வெள்ளம் போனபின் அணை போடுவது போன்றது. போன கடினம் அத்தோய்ப்பினால் மீளாது. மீளவேண்டுமாயின் கத்தி மறுபடியும் உலைக்குச் சென்று செந்நிறமாதல் வேண்டும். அல்லது, நீலம் படிந்த பகுதி முழுவதையும் தேய்த்துக் களைதல் வேண்டும்.

நீர்ச்சாணையில் இவ்விடர் இல்லை. சக்கரத்தின் அடிப்பகுதி ஒரு நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும். சக்கரம் சுழலும்போது நீரை முகந்து மேலே கொணரும். அந்நீர் கத்தியின் அலகில் மோதி வழிந்து தொட்டிக்கே திரும்பும். நீர் 100 பாகையில் கொதிப்பது. வாய் நனைந்திருக்கும் வரையில் வெப்பம் அவ்வெல்லையைத் தாண்டி, பதம் கெடும் 200 பாகைக்கு மேல் ஏறுவதற்கு வழியில்லை. 1973-இல் சுவீடன் நாட்டில் தொழில் தொடங்கிய தார்மெக் நிறுவனத்தின் பெரிய இயந்திரத்தில் 250 மில்லிமீட்டர் விட்டமுடைய கல், நிமிடத்திற்கு 90 முறை மட்டுமே சுழல்கிறது. அக்கல்லின் விளிம்பு ஒரு நிமிடத்தில் செல்லும் தொலைவு ஏறத்தாழ 70 மீட்டர். 150 மில்லிமீட்டர் உலர்சாணையின் விளிம்போ 1340 மீட்டர் செல்லும். அதாவது 19 மடங்கு. மெல்லச் சுழல்வதால் வேலை தாமதமாகும் என்பது மெய். ஆனால், மெல்லச் சுழன்றால்தான் நீரும் சிதறாமல் கல்லின்மேல் நிற்கும்.

நீரின் மற்றொரு பயன் தீட்டுபவரின் உயிரைப் பற்றியது. கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் செபீல்டு நகரில், 19-ஆம் நூற்றாண்டில் மணற்கல் சக்கரத்தில் உலர்ந்த நிலையிலேயே முட்கரண்டிகளைத் தீட்டிய தொழிலாளர், கல்துகளை மூச்சோடு உள்ளிழுத்து நுரையீரல் கெட்டு இளமையிலேயே மாண்டனர். நனைந்த கல்லில் தீட்டியோர்க்கு அந்நோய் அத்துணைக் கொடியதாக இல்லை. பறக்கவேண்டிய துகளை நீர் சேறாக்கித் தொட்டியின் அடியில் படிவிப்பதே காரணம். மலிவாகக் கிடைக்கும் இந்த ஒரு பொருளை மறுத்து மனித உயிரைச் செலவிட்டது எத்தகைய சிக்கனம்!

நீர்ச்சாணைக்கும் பேணுதல் உண்டு. வேலை முடிந்தபின் கல்லைத் தொட்டி நீரில் ஊறவிட்டுப் போதல் ஆகாது. ஊறிய பக்கம் கனத்து, மறுநாள் சக்கரம் கோணலாகச் சுழலும். தொட்டியை இறக்கி நீரைக் கொட்டி வைத்தலே முறை.

கல்லில் தீட்டியவுடன் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. வாயின் ஓரத்தில் மெல்லிய பிசிர் ஒன்று சுருண்டு நிற்கும்; விரலால் குறுக்கே தடவினால் அது தெரியும். அதனைப் போக்கி வாயை நிலைநிறுத்துதற்கு இன்றைய இயந்திரத்தில் கல்லின் எதிர்ப்புறத்தே தோல்போர்த்த சக்கரம் ஒன்று உண்டு. நாவிதர் தோல்வாரில் கத்தியைத் தீட்டுவதும் இதன் பொருட்டே. இதுவும் நமக்குப் புதிதன்று. அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, கருவிகளைத் தீட்டுதற்கு உளுந்தின் நிறமுடைய வழவழப்பான கல்லையும், தீட்டிய வாயை நிலைநிறுத்துதற்கு இலவ மரப் பலகையையும் தனித்தனியே கூறுகின்றது. வெட்டும் கருவியின் வாய் மயிரிற் பாதியளவு நுண்மை பெறவேண்டும் என்பது அந்நூலின் அளவு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூல்நிலையத்தில் உள்ளன. கண்ணைத் தொடும் கத்தி எத்துணைக் கூர்மை உடையதாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

பனையேறுவோரும் மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவர். ‘தீட்டிய மரத்திலே பதம் பார்ப்பது’ என்னும் வழக்கு இத்தகைய பலகையினின்றே பிறந்தது. கூர் வந்ததா என்று அறிய அப்பலகையையே வெட்டிப் பார்ப்பவனின் நன்றிகேட்டை உலகம் பழித்தது. அவன் அறியாமையையும் சேர்த்துப் பழித்திருக்கலாம். மரத்தில் ஓங்கினால் புதிய வாய் மடியும். வைக்கோல் தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு, மறுகையால் அரிவாளை அதன்மேல் மெல்ல இழுத்தால் போதும். கூர் இருப்பின் தாள் அசையாமல் இரண்டாகும்.