விமானம் பேணும் தொழில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து லாசுப்பேட்டை விமான நிலையம் சைக்கிளில் சென்றுவிடும் தூரம்தான். அதன் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர் நீளமே உடையது. பெரிய ஜெட் விமானங்களுக்கு இது போதாது. எனவே 2024 டிசம்பரில் இங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவை மீண்டும் தொடங்கியபோது, சுழல்விசிறி பொருத்திய ஏ.டி.ஆர். விமானங்களே வந்தன. இவை பிரான்சின் துலூஸ் நகரில் உருவாகுபவை.

விமானத்தை ஓட்டுபவர் விமானி. அது பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று சோதித்துக் கையெழுத்திடுபவர் யார்? அவரே விமானப் பராமரிப்புப் பொறியாளர். அவரும் அவருக்குக் கீழ் உழைக்கும் டெக்னீஷியன்களும் செய்யும் பணியை இங்கே பார்ப்போம்.

என்ன வேலை?

இப்பணி இரு வகைப்படும். ஒன்று, விமானம் வந்து நிற்கும் இடத்திலேயே செய்வது. டயர், பிரேக், எண்ணெய், கசிவு ஆகியவற்றை வெயிலிலும் மழையிலும் குறுகிய நேரத்தில் சோதிக்க வேண்டும். மற்றொன்று, கொட்டகையில் நிறுத்தி, மூடிகளைக் கழற்றி, உலோகத்தில் விரிசல் உண்டா என்று மீயொலி அலைகளால் ஆராய்வது.

விரிசல் ஏன் வருகிறது? ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது ஒடிந்துவிடும் அல்லவா? விமானத்தின் உடலும் மேலே ஏறும்போது உட்காற்றின் அழுத்தத்தால் சிறிது உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்கு வருகிறது. ஆயிரக்கணக்கான பயணங்களில் உலோகம் சோர்ந்துபோகிறது.

விமானங்கள் பகலில் பறப்பதால் பெரும்பாலான பழுதுபார்ப்பு இரவில்தான் நடக்கும். உறக்கத்தை வெல்வதே இத்தொழிலின் பெருஞ்சிரமம்.

திருகாணிகள் சொல்லும் பாடம்

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஒரு விமானம் புறப்பட்டது. சுமார் 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைமை விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைச் சவுதாம்ப்டனில் இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினர்.

காரணம் என்ன? அந்தப் பயணத்துக்குச் சற்று முன்னர் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது, பழைய திருகாணியைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார்கள். உதிரிப்பாகப் பட்டியலைப் பார்க்கவில்லை. 90 திருகாணிகளில் 84-இன் குறுக்களவு 0.66 மில்லிமீட்டர் குறைவு. உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வேறுபாட்டின் விசையை அவற்றால் தாங்க முடியவில்லை.

படிப்பும் உரிமமும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் இப்பயிற்சியில் சேரலாம். உரிமம் வழங்குவது மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ. இயக்குநரகம். உடற்பகுதிக்கும் எஞ்சினுக்கும் பி-1, மின்னணுக் கருவிகளுக்கு பி-2 என உரிமங்கள் உண்டு. தேர்வுப் பாடங்களில் ஒன்று மனித இயல்புகள் பற்றியது. களைப்பும் அவசரமும் மறதியும் எப்படித் தவறில் முடிகின்றன என்பதை அது கற்பிக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. தேர்வுகளில் வென்று, செய்முறை அனுபவமும் பெற்றால்தான் உரிமம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதி பெற வேண்டும். பணம் கட்டுமுன் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

வேலை கிடைக்குமா?

விமான நிறுவனங்களிலும், ஓசூர், நாகபுரி போன்ற இடங்களிலுள்ள பராமரிப்புக் கூடங்களிலும் வேலை உண்டு. ஆனால் இத்துறையில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. 2012-இல் கிங்ஃபிஷரும் 2019-இல் ஜெட் ஏர்வேசும் பறப்பதை நிறுத்தியபோது பலர் வேலை இழந்தனர். கையில் உரிமம் உள்ளவருக்கு வேறிடம் தேடுவது எளிது.

செய்து பாருங்கள்: பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவி இருக்கும். ஏறக்குறைய ஒரே பருமனுள்ள சில திருகாணிகளைக் கண்ணால் பார்த்து வரிசைப்படுத்துங்கள். பிறகு அளந்து பாருங்கள். உங்கள் கண் எத்தனை முறை ஏமாந்தது?