முதல் ஏர் பிஸ்டல்: பிராண்டுக்கு முன் கையைப் பாருங்கள்

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அவரைப் பார்த்து ரைபிள் கிளப் படியேறும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்பதுதான். பதிலாக அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பிராண்டின் பெயர் கிடைக்கிறது. அல்லது, "லேடீஸ்தானே, சின்னதா லைட்டா ஒண்ணு எடுத்துக்குங்க" என்ற அறிவுரை கிடைக்கிறது. இரண்டுமே போதாது. முதல் பிஸ்டலைத் தீர்மானிக்க வேண்டியது அதைப் பிடிக்கப்போகும் கை. அந்தக் கையை எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் சில மாதங்கள் வாங்கவே வேண்டாம்

போட்டித் தரமுள்ள ஏர் பிஸ்டலின் விலை பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டும். நிற்கும் முறையும் மூச்சும் பார்வையும் இன்னும் படியாத நிலையில் அவ்வளவு பணத்தைப் போட அவசரம் இல்லை. கிளப் பிஸ்டலிலேயே தொடங்குங்கள். முடிந்தால் இரண்டு மூன்று வெவ்வேறு தயாரிப்புகளில் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கை எங்கே வலிக்கிறது, விரல் எங்கே எட்டவில்லை, எத்தனையாவது குண்டில் தோள் சோர்கிறது என்று நோட்டில் எழுதிவையுங்கள். கடைக்குப் போகும்போது விற்பனையாளரின் பேச்சைவிட அந்த நோட்டுதான் உங்களுக்கு உதவும்.

இந்தக் காலத்தில் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் ஆதிக்கக் கண் எது? இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் பொருள் மறையும். மறுகண்ணை மூடினால் மறையாது. மூடியதும் பொருளை மறைக்கும் கண்ணே ஆதிக்கக் கண். வலக்கை, இடக்கண் என்று அமைந்தவர்கள் வலக்கைக் கிரிப் வாங்குவதா இடக்கைக் கிரிப் வாங்குவதா என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவெடுத்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

விதியில் லேடீஸ் பிஸ்டல் கிடையாது

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் காலிபர் 4.5 மி.மீ. எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. 420 × 200 × 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அது அடங்க வேண்டும். ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ஒரே கையால்தான் சுட வேண்டும்; கிரிப் மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக்கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதி, இதே இலக்கு. 2018 முதல் குண்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான்: 75 நிமிடத்தில் 60. அதற்கு முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள் மட்டுமே.

ஆகவே உங்களுக்குத் தேவை ஆண்கள் சுடும் அதே தரத்தில், உங்கள் கைக்கு அமைந்த ஒரு பிஸ்டல். தரம் குறைந்த ஒன்றைப் "பெண்களுக்கானது" என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் முடிவு கிரிப்

இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டிய முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கில் குண்டு ஏறக்குறைய 30 மி.மீ. விலகிப் படும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. தான் என்பதால், கிட்டத்தட்ட நான்கு புள்ளிகள் போய்விடும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பது கிரிப். பேரல் எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும் பொருந்தாத கிரிப்பை அது ஈடுகட்டாது.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கிரிப்பை XS, S, M, L என்று அளவு பிரித்து, வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாகத் தருகிறார்கள். கை சிறியவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. "M தான் கைவசம் இருக்கு, போகப்போகப் பழகிடும்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். கிரிப் பெரிதாக இருந்தால் ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டிப் பிடிக்க நீளும்; நுனியால் இழுக்கும்போது பிஸ்டல் பக்கவாட்டில் அசையும். எட்டாத விரலுக்காகக் கையையே திருப்பிப் பிடித்தால், பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்காது. இப்படி ஆறு மாதம் பழகிவிட்டால் அதைத் திருத்த இன்னொரு வருடம் ஆகும்.

கடையிலோ களத்திலோ இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவு கிரிப்பின் மேல் பகுதியில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும்.
2. ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை ட்ரிகர்மீது இயல்பாகப் படிய வேண்டும். விரலின் மற்ற பகுதி கிரிப்பில் உரசக்கூடாது. ட்ரிகரை முன்பின் நகர்த்தும் வசதி இருந்தால் அதையும் நகர்த்திப் பாருங்கள்.
3. உள்ளங்கையைக் கீழிருந்து தாங்கும் தட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கை நெரிபடாமல், ஆடாமல் அமைய வேண்டும்.
4. கண்ணை மூடி, கையை உயர்த்தி, மூச்சை நிதானப்படுத்திக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகியிருந்தால், கிரிப்பின் கோணமோ அளவோ உங்களுக்கு ஒத்துவரவில்லை.

நான்காவது சோதனையைப் பத்துப் பதினைந்து முறையாவது செய்யுங்கள். ஏசி அறையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும்போது பிடி மாறிவிடும். மர கிரிப்பைப் பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், வுட் புட்டி வைத்து நிரப்பலாம். ஆனால் முதல் வாரத்திலேயே தேய்க்கத் தொடங்காதீர்கள். உங்கள் பிடி நிலைத்த பிறகு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

எடையும் நீளமும்

போட்டி ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றியே இருக்கும். ஒரு கிலோ தானே என்று தோன்றும். நீட்டிய ஒற்றைக் கையில் 60 குண்டுகள், அதற்கு முன் பயிற்சிக் குண்டுகள், சரியாக அமையாமல் இறக்கிவைத்த முயற்சிகள் எல்லாவற்றையும் சேர்த்தால் நூறு முறைக்கு மேலும் தூக்க நேரலாம். இங்கே மொத்த எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். எடை முன்பக்கம் கூடினால் மணிக்கட்டும் தோளும் சீக்கிரம் சோரும். மிகவும் குறைந்தால் பேரல் முனை நிலைகொள்ளாமல் அலையும்.

ஸ்டெயர், மோரினி, பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் போன்றவை முழு நீள பிஸ்டலோடு குட்டை வடிவமும் விற்கின்றன. உடல் சிறியவர்களுக்கும் பள்ளி வயதுப் பெண்களுக்கும் குட்டை வடிவம் நல்ல தொடக்கம். அதில் சைட்டுகளுக்கு இடையிலான தூரம் குறைவதால் சிறு பிசகு கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் கடினம். ஆனாலும் ஐம்பதாவது குண்டிலும் கை நிலையாக நிற்கும் என்றால் அந்த இழப்பைத் தாங்கலாம். தோள் வலிமை உள்ளவர், உயரமானவர் என்றால், பெண் என்பதற்காக மட்டும் குட்டை பிஸ்டல் வாங்க வேண்டியதில்லை. பேரலில் மாட்டிக் கழற்றும் சிறு எடைக்கட்டிகள் உள்ள மாடல் எடுத்தால், வலிமை கூடக்கூட நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

ட்ரிகர்: மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா?

மோரினி சிஎம் 162 இஐ போன்ற எலக்ட்ரானிக் ட்ரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடும். மெக்கானிக்கல் ட்ரிகரைத் திருகாணியால் நீங்களோ பயிற்சியாளரோ சரிசெய்யலாம். பேட்டரிக் கவலையும் இல்லை. உங்கள் கிளப்பில் எதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரோ, எதற்கு உதிரிப்பாகம் சீக்கிரம் கிடைக்கிறதோ அதுவே உங்களுக்கு ஏற்றது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் பிஸ்டல் பழுதாகி மனு பாக்கர் பல நிமிடங்களை இழந்தார். 575 புள்ளிகளோடு 12ஆம் இடம் பெற்று, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். உலகத்தரக் கருவிக்கும் அப்படி நேரும். புதிதாகத் தொடங்குபவருக்குப் பழுது பார்க்கும் வசதி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ட்ரிகர் எதுவானாலும், பெல்லட் போடாமல் வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகும் வசதி பிஸ்டலில் கட்டாயம் இருக்கட்டும். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்துச் செய்யும் அந்தப் பயிற்சிக்குச் செலவே இல்லை, பலன் ஏராளம்.

எந்த மாடல்களைப் பார்க்கலாம்?

தொடக்க நிலைக்கு ஹேமர்லி ஏபி 20, ஸ்டெயர் எல்பி 2 போன்றவை உண்டு. அடுத்த படியில் ஸ்டெயர் எல்பி 10, மோரினி சிஎம் 162 இஐ, வால்தர் எல்பி 500, பார்டினி கே 12, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ் ஆகியவை வரும். இவை எல்லாமே அழுத்தக் காற்று சிலிண்டரில் இயங்குபவை. உதைப்பு மிகக் குறைவு. ஸ்பிரிங்கில் இயங்கும் மலிவு பிஸ்டல் சுடும்போது குலுங்கும், போட்டிக்கு உதவாது. ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச் 46எம் துல்லியமானது, சிலிண்டரும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் நீண்ட நெம்புகோலை இழுத்துக் காற்றை அழுத்த வேண்டும். அறுபது முறை அதைச் செய்துவிட்டுக் கை நடுங்காமல் குறிபார்க்க முடியுமா என்று சுட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பழையது வாங்கினால்

நல்ல நிலையிலுள்ள பழைய எல்பி 10 ஒன்று, கைக்குப் பொருந்தாத புதுப் பிஸ்டலைவிட மேல். ஆனால் நான்கைச் சரிபாருங்கள். முதலில் சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் தேதி: வழக்கமாகப் பத்து ஆண்டு வரைதான் அது செல்லும், காலாவதியானால் புதிது வாங்கும் செலவைக் கணக்கில் சேருங்கள். காற்றை நிரப்பி ஓர் இரவு வைத்து, மறுநாள் அழுத்தமானி இறங்கியிருக்கிறதா பாருங்கள். ட்ரிகர் 500 கிராம் சோதனையில் தேறுகிறதா என்று தூக்கிப் பாருங்கள். கடைசியாகக் கிரிப்: முந்தைய உரிமையாளர் தன் கைக்குத் தேய்த்த கிரிப் உங்களுக்குப் பொருந்துவது அரிது, புதுக் கிரிப்பின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

சட்டமும் உடலும்

இந்தியாவில் 4.5 மி.மீ. காலிபருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத ஏர் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் அந்த எல்லைக்கு வெகு கீழே. வாங்கும்போது அடையாள, முகவரிச் சான்றுகள் தேவைப்படும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 25 மீட்டர் போட்டிக்கான .22 பிஸ்டல் உரிமம் வேண்டிய ஆயுதம். அதன் ட்ரிகர் எடையே குறைந்தது 1,000 கிராம். ஏர் பிஸ்டலில் காலூன்றிய பிறகு அதை யோசிக்கலாம்.

பிஸ்டல் பிடிக்கும் கையில் வளையல், கடிகாரம், பட்டை எதுவும் போட்டிக்கு ஆகாது. பயிற்சியிலேயே கழற்றிப் பழகுங்கள். காலணி கணுக்காலை மூடக்கூடாது. சுடாத நேரத்தில் பேரலில் பாதுகாப்புக் கொடி இருக்க வேண்டும், முனை எப்போதும் இலக்குப் பக்கமே. பெல்லட் ஈயத்தால் ஆனது என்பதால் களத்தில் எதையும் சாப்பிடாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கருவுற்றிருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருத்துவரிடம் கேட்டபின் பயிற்சியைத் தொடருங்கள். தாயின் உடலில் சேரும் ஈயம் குழந்தைக்கும் போகும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையிலுள்ள முழுத் தொகையையும் பிஸ்டலில் போட்டுவிடாதீர்கள். போட்டி பெல்லட் டப்பா ஒன்றில் 500 இருக்கும். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 60 குண்டு என்றால் ஒரு டப்பா இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். களக் கட்டணம், பயிற்சியாளர், காற்று நிரப்புதல், மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்கான பயணம் என்று எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவைத் தனியே ஒதுக்கிய பிறகு மிச்சம் எவ்வளவோ, அதுதான் உங்கள் பிஸ்டலின் விலை. ரயில்வேயும் மத்திய ஆயுதக் காவல் படைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. அவர்கள் பார்ப்பது போட்டிச் சான்றிதழையும் புள்ளியையும், பிஸ்டலின் பெயரை யாரும் கேட்பதில்லை. படிப்பை விட வேண்டியதும் இல்லை. பல் மருத்துவம் படித்த ஹீனா சித்து 2013இல் மியூனிக்கில் நடந்த உலகக்கோப்பை இறுதியில் ஏர் பிஸ்டல் தங்கம் வென்றார்.

கடைக்கு அப்பா வரட்டும், அண்ணன் வரட்டும், பயிற்சியாளர் கட்டாயம் வரட்டும். பணம் யார் கொடுத்தாலும் பிஸ்டலைப் பிடித்துப் பார்ப்பதும் சரி என்று சொல்வதும் நீங்களாக இருங்கள். உங்கள் அளவுக் கிரிப் இல்லை என்றால் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அதுவரை கிளப் பிஸ்டலில் சுடுங்கள். அந்த மாதங்கள் வீணாகாது.