ஆரத்தி போல் சிவந்த கறை

கேள்வி: ஸ்ரீநகருக்குச் சுற்றுலா போனபோது வாங்கிவந்த கம்பளம் எங்கள் கூடத்தில் விரித்திருக்கிறது. பேத்தியின் பிறந்தநாளன்று அதில் சாம்பார் கொட்டிவிட்டது. உடனே துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை, ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. கம்பளம் வீணாகிவிட்டதா? ப்ளீச்சிங் திரவம் ஊற்றலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வீணாகவில்லை. ஆரத்திக்கு மஞ்சள்தூளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் தண்ணீர் சிவக்கிறதல்லவா? அதேதான் உங்கள் கம்பளத்திலும் நடந்திருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, காரம் பட்டால் சிவக்கும். துணி சோப்பு காரத்தன்மை கொண்டது. புளிப்பு பட்டால் கறை மறுபடி மஞ்சளாகிவிடும்.

முதலில், அது உண்மையிலேயே கம்பளியா என்று பாருங்கள். மேற்பரப்பிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி, கம்பளத்தைவிட்டுத் தள்ளிவந்து கொளுத்துங்கள். ஓரக் குஞ்சத்தில் எடுக்க வேண்டாம், அது பெரும்பாலும் பருத்தி நூல். தலைமுடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகி மணிபோல் இறுகினால் செயற்கை இழை. காகிதம் எரிவதுபோல் இருந்தால், பட்டு என்று சொல்லி விற்கப்படும் விஸ்கோஸாக இருக்கலாம். விஸ்கோஸ் ஈரத்தில் வலுவிழக்கும், பழுப்பேறும். பட்டு, விஸ்கோஸ் இரண்டிலும் நீங்கள் கைவைக்காமல் கம்பளம் சுத்தம் செய்பவர்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

கம்பளி என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் கலந்து, கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் சாயம் ஏறாவிட்டால் கறைக்கு வாருங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை அடிவரை இறங்கும், இழையும் பிரிந்து நூல் எழும்பும். சிவப்பு மாறியதும் வெறும் தண்ணீரால் ஒற்றி, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். சாம்பாரின் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தால் சோள மாவைத் தூவி, சில மணி நேரம் கழித்து வாக்வம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.

அப்புறமும் மஞ்சள் தெரியும். அதைப் போக்க வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது. குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து வெளுக்கும். ஆனால் கம்பளத்தின் சாயமும் வெளுக்கும் என்பதால், கறையை மட்டும் திறந்துவைத்து மற்ற இடத்தைக் கெட்டித் துணியால் மூடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் போகாது.

ப்ளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். கம்பளி நம் தலைமுடியைப் போலப் புரதத்தால் ஆனது. அந்தத் திரவம் கறையோடு இழையையும் கரைத்துவிடும்.

கேள்வி: கைக்குழந்தை சிறுநீர் கழித்த வாடை கம்பளத்தை விட்டுப் போகவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: பழைய சிறுநீரில் அம்மோனியா உண்டாவதால்தான் அந்த நெடி. மேலே சொன்ன வினிகர் தண்ணீரே போதும். ஒற்றி எடுத்தபின், இரு பக்கமும் காற்றுப்படும்படி கம்பளத்தைத் தூக்கிப்போட்டு உலர்த்துங்கள். தரையோடு ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இங்கேயும் ப்ளீச்சிங் திரவம் கூடாது. அம்மோனியாவோடும் வினிகரோடும் அது சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். குழந்தை தவழும் வீடு, கவனமாக இருங்கள்.