குந்தி எழுதலும் தொடைத் தசைகளும்

உடற்பயிற்சிகளுள் மிகப் பழமையானதும் கருவி ஏதும் வேண்டாததுமாகிய ஒன்று குந்தி எழுதல் ஆகும். நம் நாட்டு மற்போர்க் கூடங்களில் இதனைப் ‘பஸ்கி’ என வழங்குவர். இரும்புத் தண்டில் எடையேற்றித் தோள்மீது தாங்கிச் செய்யுங்கால் ‘ஸ்குவாட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே இளைஞரிடையே பெருவழக்காகியுள்ளது. பெயர் யாதாயினும் செயல் ஒன்றே. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று மூட்டுகளும் ஒருங்கே மடங்கி, ஒருங்கே நிமிர்கின்றன. இவ்வெளிய செயலில் எத்தசை எவ்வளவு உழைக்கின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

தொடையின் முன்புறத்தே அமைந்தது நாற்றலைத் தசை. பெயருக்கேற்ப இது நான்கு பிரிவுகளை உடையது. அவற்றுள் மூன்று தொடையெலும்பில் தோன்றி முழங்காலை மட்டுமே நிமிர்த்துவன. நான்காவதாகிய நேர்த்தசையோ இடுப்பெலும்பில் தோன்றுவதால், முழங்காலை நிமிர்த்துவதோடு இடுப்பை மடக்கவும் வல்லது. தொடையின் பின்புறத் தசைகள் இதற்கு நேர்மாறானவை. இடுப்பை நிமிர்த்தி முழங்காலை மடக்குவன. இடுப்பை நிமிர்த்துவதில் பெரும்பங்கு பெறுவது பிட்டத்தின் பெருந்தசை. தொடையின் உட்புறத்துள்ள பெரிய ஒடுக்குத் தசையும் அதற்குத் துணைநிற்கும். கெண்டைக்கால் தசைகள் உடல் முன்சாயாது காக்கின்றன. (தசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குச் சுண்டெலி என்பது பொருள். நாமோ காலின் தசையில் கெண்டை மீனைக் கண்டோம். உவமை காண்பதில் இரு மொழியாரும் ஒருவரே போலும்!)

இங்கு ஓர் ஐயம் எழும். குந்திய நிலையினின்று எழுகையில் முன்தொடையும் பின்தொடையும் ஒருசேர இறுகுகின்றன. ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுப்பதாயின் நாம் எழுவது எங்ஙனம்? அமெரிக்க உடலியல் அறிஞர் லம்பார்டு 1903ஆம் ஆண்டில் இவ்வினாவை ஆராய்ந்தார். ஆதலின் இஃது இன்றும் ‘லம்பார்டின் முரண்’ என்றே வழங்கப்பெறுகின்றது. விடை நெம்புகோல் தத்துவத்தில் உள்ளது. இடுப்பு மூட்டில் பின்தொடைத் தசைக்கு நெம்புகைத் தொலைவு மிகுதி. முழங்காலில் நாற்றலைத் தசைக்கு அது மிகுதி. எனவே ஒவ்வொரு மூட்டிலும் நிமிர்த்தும் தசையே வெல்கின்றது. இரண்டும் இழுக்க, உடல் மேலெழுகின்றது.

தசையின் உழைப்பை அளக்க ஆய்வாளர் கைக்கொள்ளும் முறை தசைமின் பதிவு எனப்படும். தசை சுருங்குங்கால் தோன்றும் நுண்ணிய மின்னழுத்த வேறுபாட்டைத் தோலின்மேல் ஒட்டிய மின்வாய்கள் பதிவு செய்யும். 2002ஆம் ஆண்டில் கேட்டரிசானோ என்பாரும் அவர்தம் குழுவினரும் பயிற்சி மிக்க பத்து வீரர்களை இம்முறையில் ஆராய்ந்தனர். அவர்கள் அளந்த நான்கு தசைகளின் மொத்த மின்செயலில், எழும்போது பிட்டப் பெருந்தசையின் பங்கு அரைகுறையாகக் குந்தியபோது 16.9 விழுக்காடும், தொடை தரைக்கு இணையாகும்வரை குந்தியபோது 28 விழுக்காடும், முழுதும் குந்தியபோது 35.4 விழுக்காடும் இருந்தது. ஆழம் கூடக்கூடப் பிட்டத் தசை விழிக்கின்றது என்பது அவர்தம் முடிபு. ஆயினும் மூன்று ஆழத்திற்கும் ஒத்த எடைகளே பயன்பட்டமை இவ்வாய்வின் குறையெனலாம். அரைகுறையாகக் குந்துவோர் அதனினும் மிகுந்த எடையைத் தாங்க வல்லவரன்றோ?

மேலும், மின்பதிவு காட்டுவது தசையின் விழிப்பை, அதன் வளர்ச்சியையன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் பலரும் இடறும் இடம். 2019இல் குபோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் பதினேழு ஆடவரை இரு குழுக்களாகப் பிரித்துப் பத்து வாரம் பயிற்றினர். ஒரு குழுவினர் முழுதும் குந்தினர். மற்றவர் பாதியளவே குந்தினர். காந்த அதிர்வுப் படங்களால் தசையின் கன அளவைக் கணித்தபோது, பிட்டப் பெருந்தசை முழுதும் குந்தியோர்க்கு 6.7 விழுக்காடும் மற்றவர்க்கு 2.2 விழுக்காடும் வளர்ந்திருந்தது. ஒடுக்குத் தசைகளும் முழுதும் குந்தியோர்க்கே மிகுதியாக வளர்ந்தன. நாற்றலைத் தசையோ இரு குழுவினர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்து விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. அதன் நேர்த்தசை மட்டும் வளரவில்லை. பின்தொடைத் தசைகளும் வளரவில்லை. இவ்விரண்டும் இரு மூட்டுகளைக் கடப்பன என்பதை நோக்குக. குந்துகையில் ஒரு மூட்டில் நீள்வது மற்றதில் குறைய, அவற்றின் மொத்த நீளம் பெரிதும் மாறுவதில்லை. லம்பார்டு கண்ட முரணின் மறுபக்கம் இதுவே என்பது நம் கருத்து. ஆகவே பின்தொடை வலுப்பெற விழைவோர் முழங்காலை மடக்கும் பயிற்சியொன்றையும் தனியே மேற்கொள்ளுதல் வேண்டும்.

இனி முழங்காலைப் பற்றிய அச்சம். 1961இல் டெக்சாசைச் சேர்ந்த கிளைன் என்பார் ஆழ்ந்து குந்துதல் முழங்காலின் தசைநார்களைத் தளர்த்தும் என்றார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும் அச்சம் நின்றுவிட்டது. முழங்கால் கால்விரலைத் தாண்டலாகாது என்னும் விதியும் அவ்வகையினதே. 2003இல் ஃபிரை குழுவினர் பயிற்சி பெற்ற எழுவரின் காலுக்கு முன்னே பலகை நிறுத்தி, முழங்கால் முன்செல்லாவாறு தடுத்துக் குந்தச் செய்தனர். முழங்காலின் முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பின் முறுக்குவிசையோ 28இலிருந்து 303ஆக ஏறிற்று! முதுகும் முன்னோக்கி மிகச் சாய்ந்தது. முழங்காலின் சுமையில் ஒரு சிறு பகுதியைக் குறைக்கப் போய் இடுப்பின்மேல் பன்மடங்கு ஏற்றியதாயிற்று.

குதிகால் உயர்த்தி முழங்காலை நன்கு முன்செலுத்திப் பஸ்கி எடுக்கும் நம் மல்லர்கள் இவ்விதியை ஒருநாளும் பேணியவரல்லர். ஆயின் அவர் தோள்மீது இரும்பு இல்லை என்பதையும் மறத்தலாகாது. முழங்காலில் முன்னரே நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே குந்துதல் வேண்டும். ஏனையோர் முதலில் எடையின்றி, குதிகால் தரையிற் படிய, முதுகு வளையாது இறங்கத்தக்க ஆழம் எதுவெனக் கண்டறிந்து, அவ்வாழத்திலேயே எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. எடை கூடியதும் ஆழம் குறையுமாயின், கூட்டிய எடையை இறக்கிவைத்தலே தக்கது.