மழை இறங்குமுன் டயரைப் பாருங்கள்: லகாட் வட்டார மவுண்டன் பைக் ஓட்டுவோருக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் லகாட்டில் மத்தியான வெயிலை நம்ப முடியாது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே வரும் அக்டோபர், நவம்பரில் கிந்தா பள்ளத்தாக்கில் பல பிற்பகல்களில் இடி மின்னலோடு கொட்டும். தீபாவளி விடுமுறைக்குப் பிள்ளைகள் சைக்கிளை வெளியே எடுப்பதற்குள் டயர் வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் முன்சக்கரம். ஈரத்தில் பின்டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்டயர் வழுக்கினால் ஆள் தரையில். அதனால் புது டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை முன்னால் போடுங்கள். அங்கே இருந்த பழையது நன்றாக இருந்தால் பின்னால் போகட்டும். டயர்ப் பூவின் ஓரப் பட்டன்களை விரலால் வளைத்துப் பாருங்கள். அடியில் கிழிசல் தெரிந்தாலோ, பக்கச்சுவரில் நூல் வெளியே வந்திருந்தாலோ அந்த டயர் இந்த மழைக்குத் தாங்காது.

மழைக்காலம் என்றதும் உயரமான, ஊசி மாதிரிப் பட்டன் வைத்த சேற்று டயரை வாங்கச் சொல்வார்கள். நம் வட்டாரத்துக்கு அது வேண்டாம். ஆழமான சேற்றுக்குத்தான் அது பயன்படும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கில் மழை பெய்தால் மேலே மெல்லிய வழுக்குப் படலம்தான், அடியில் இறுகிய தரை. கிளேடாங் மலைப் பக்கம் போனால் கருங்கல்லும் வேரும். இரண்டிலும் ஊசிப் பட்டன் மடிந்து வழுக்கும். நடுத்தர உயரத்தில், இடைவெளி விட்டு அமைந்த பட்டன்களும் மென்மையான ரப்பரும் உள்ள டயரை முன்னால் போடுங்கள். அகலம் 2.25 முதல் 2.4 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் பல சைக்கிள்களில் செம்மண் அப்பி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்கட்டும்.

எந்த டயர் என்பதைவிட எவ்வளவு காற்று என்பதே பெரிது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து எவராலும் 22 பிஎஸ்ஐக்கும் 28 பிஎஸ்ஐக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரு காற்றளவி வாங்குங்கள். எழுபது கிலோ ஆள், 2.35 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். டியூப் இருந்தால் நான்கைந்து கூட்டிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் ஒன்றிரண்டு குறையுங்கள். ரிம் கல்லில் இடித்தாலோ, டியூபில் அடுத்தடுத்து இரட்டை ஓட்டை விழுந்தாலோ குறைத்தது அதிகம் என்று அர்த்தம்.

டியூப்லெஸ் ஓட்டுபவர்கள் சீலண்டைக் கவனியுங்கள். பல சீலண்டுகளின் அடிப்படை நம் பெற்றோர் வெட்டிய அதே ரப்பர் பால்தான். மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி ஏறும். பால் உறையாமல் இருக்கத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஊற்றியதும் அதுவே. ஓட்டை விழுந்த இடத்தில் காற்றோடு சேர்ந்து வெளியேறும்போது அந்தப் பால் உறைந்து அடைக்கிறது. நம் வெக்கையில் அது உள்ளேயே காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கொரு முறை சக்கரத்தைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். சளசளப்பு கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம்.

செம்பனை வரிசைக்குள் அடுக்கி வைத்த மட்டைகள் பக்கம் போகாதீர்கள். மட்டைக் காம்பின் முள் டயரைத் துளைக்கும். டியூப்லெஸ் டயரில் குத்திவிட்டால் முள்ளைப் பிடுங்கி, சீலண்ட் அடைக்க ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நிறுத்துங்கள். மரத்தடியில் கிடக்கும் உதிரிப்பழம் சக்கரத்தடியில் உருளும். அதற்கும் இடம் விடுங்கள். ஈர வேரை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் அதுவே உங்களைத் தள்ளிவிடும். வேர்மேல் இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

பழைய ஈயலம்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1985-இல் ஈய விலை சரிந்து மூடப்பட்ட சுரங்கங்கள் விட்டுப்போன நிலம் இரண்டு வகை. பாலோங் எனும் சரிவான மரவாய்க்காலில் ஈயத்தை அரித்தெடுத்த பிறகு வெளியேறிய நீரில் பருமணல் முதலில் படிந்தது; நுண்களிமண் தள்ளிப் போய்த் தேங்கியது. மணல் பக்கம் மழைக்குப் பிறகு இறுகி ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும். களிமண் பக்கம் மேலே காய்ந்த பொருக்கு, அடியில் கூழ். வெடிப்பு விட்ட வழவழப்பான தரையைக் கண்டால் இறங்கித் திரும்புங்கள். லம்பத்துக் குட்டைக் கரையை ஒட்டி ஓட்டவே கூடாது. கரை சரியும், அடுத்த அடியே ஆழம்.

காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். முதல் இடி கேட்டதும் மேட்டிலிருந்தும் தனிமரத்தடியிலிருந்தும் விலகுங்கள். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடமும் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். கனமழை பெய்த மலைப்பாதையை ஓரிரு நாள் விடுங்கள். டயர் கீறிய தடத்தில்தான் அடுத்த மழைத்தண்ணீர் ஓடி மண்ணை அரிக்கும்.

வீடு திரும்பியதும் காலில் உள்ள சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேற்றுநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்குக்குப் போய், சேற்றில் சைக்கிள் ஓட்டியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.