பனிவெளியில் எழுவர்

வல்லக்கோட்டையை அடுத்த ஒரகடத்தின் ஆலைகளில் டயர்கள் உருவாகின்றன. சாலைக்கென அமைந்த டயர், துருவப் பயணிகளுக்குப் பயிற்சிக் கருவியும் ஆகிறது. அவர்கள் பழைய டயரை இடுப்பில் பிணைத்துத் தரையில் இழுத்துப் பழகுகின்றனர். கடுங்குளிரில் பனி மணலைப்போல் சொரசொரப்பாகிவிடும். உணவும் கூடாரமும் ஏற்றிய சறுக்குவண்டி அதன்மீது எளிதில் வழுக்காது. அந்த இழுவைக்கு உடலை ஆயத்தம் செய்வதே இப்பயிற்சி.

உடல்வலிமை மட்டும் போதாது. வியர்வை உடையில் உறைந்தால் உயிருக்கே கேடு. ஆதலால் வியர்க்காத வேகத்தில் நடக்கப் பழகுதல் வேண்டும். முகத்தில் தோன்றும் பனிக்கடியை ஒருவர் தாமே காண இயலாது. உடன் வருபவரே கண்டு உணர்த்துவார்.

2009ஆம் ஆண்டில் பெலிசிட்டி ஆஸ்டன் தலைமையிலான காமன்வெல்த் மகளிர் குழு நார்வேயின் பனிவெளியில் பயிற்சி பெற்று, அண்டார்க்டிகா சென்றது. அங்கே பனிக்கடியால் ஒருவர் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய எழுவரும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் பனிச்சறுக்கில் கடந்து, டிசம்பர் 29 அன்று தென்துருவத்தை அடைந்தனர். அவர்களுள் ஒருவரான ரீனா கௌசல் தர்மசக்து, பனிச்சறுக்கில் தென்துருவம் அடைந்த முதல் இந்தியப் பெண் ஆவார்.

கற்பவை கற்றபின்
தம்மால் காண இயலாத தீங்கை உடனிருப்பவர் கண்டு உணர்த்திய நிகழ்வொன்றை வகுப்பில் எடுத்துரைக்க.